சிம்கோ ஏரிக்குப் பழைய பௌரைடர் போட்: சனிக்கிழமை பார்க்கப் போகிறேன், எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மார்க்கம் தம்பி:

அண்ணாமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். மூன்று கோடையாகப் போட் வாடகைக்கு எடுத்து ஓடிக்கொண்டிருக்கிறோம். ஒரு நாளைக்குக் கொடுக்கிற காசையும், மாலை ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அரக்கப்பரக்க ஓடிவருவதையும் யோசித்துப் பார்த்து, சின்னதாகப் பழைய பௌரைடர் (முன்பக்கமும் திறந்து, இருக்கை வைத்த போட்) ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடலாம் என்று நானும் மனைவியும் முடிவெடுத்துவிட்டோம். வீட்டில் ஐந்து பேர். பிள்ளைகளுக்கு 11 வயதும் 7 வயதும். அம்மாவும் எங்களோடு இருக்கிறார். அவருக்கு நீச்சல் தெரியாது, ஆனால் பருத்தித்துறையில் கடலைப் பார்த்தே வளர்ந்தவர், தண்ணீரில் போவதென்றால் முகமே மாறிவிடும். உண்மையைச் சொன்னால் பாதி அவருக்காகத்தான் வாங்குகிறேன்.

மீன்பிடிப்பெல்லாம் இல்லை. காலையில் போய், எங்காவது நங்கூரம் போட்டுச் சாப்பிட்டு, பிள்ளைகளை ட்யூபில் இழுத்து, மாலையில் வீடு வர வேண்டும். பெரும்பாலும் இங்கே ஒன்ராறியோவில் சிம்கோ ஏரி, நேரம் குறைவான நாளில் போர்ட் பெரிக்குப் போய் ஸ்கூகொக் ஏரி. இழுக்க 2015 டொயோட்டா சியென்னா இருக்கிறது, கொக்கி போட்டாகிவிட்டது. போட்டுக்கும் ட்ரெயிலருக்கும் சேர்த்து 10,000 டொலருக்கு மேலே போக முடியாது. போட் ஓட்டுகிற கார்ட் நானும் மனைவியும் எடுத்துவிட்டோம்.

இப்போது கெஸ்விக் பக்கம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 2006, ஃபைபர், 17 அரை அடி, மெர்குரூசர் 3.0 லீட்டர் நாலு சிலிண்டர், 135 குதிரைவலு, ட்ரெயிலரோடு 9,200 கேட்கிறார்கள். படத்தில் இருக்கைகள் எல்லாம் புதுசாகத் தைத்துப் போட்டிருக்கிறது, பக்கமெல்லாம் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. எஞ்சினின் படம் ஒன்றுதான், அதுவும் புதுக் கறுப்புப் பெயின்ற் அடித்த மாதிரித் தெரிகிறது. ஒவ்வொரு வருடமும் குளிர்காலத்துக்கு முன் தானே தண்ணீர் வடித்துவிடுவதாகவும், வெளியே தார்ப்பாய் மூடி வைத்திருப்பதாகவும் விற்பவர் சொன்னார்.

காரென்றால் எனக்கு ஓரளவு தெரியும். போட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை போனால் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்? தண்ணீரில் இறக்கி ஓடிப் பார்த்தே ஆக வேண்டுமா? சிம்கோவுக்கு 17 அடி போதுமா?

பழைய ஸ்பானர்:

தம்பி, புது இருக்கையையும் மினுக்கத்தையும் முதலில் மறந்துவிடு. இந்த வயதுப் போட்டில் இரண்டே இரண்டு விஷயம்தான் காசைத் தின்னும். ஒன்று, குளிரில் வெடித்த எஞ்சின் பிளாக். மற்றது, உள்ளே உக்கிப்போன பலகை. இந்த இரண்டும் சுகமென்றால் மிச்சமெல்லாம் ஒரு சனிக்கிழமை வேலை.

நான் ஸ்காபரோவில் இருபது வருடத்துக்கு மேலாகக் கார் திருத்துகிறேன், போட் எஞ்சினும் செய்வேன். அதனால் எஞ்சினிலிருந்தே தொடங்குகிறேன். இந்த 3.0 நல்ல எஞ்சின், சின்ன வேலைக்குக்கூடப் பத்துப் பொருளைக் கழற்ற வேண்டியதில்லை, சாமானும் எங்கேயும் கிடைக்கும். ஆனால் காரில் இருப்பது போல இதற்குள் எப்போதும் கூலன்ட் நிற்பதில்லை. ஏரித் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிரவைத்து வெளியே விடுகிறது. இலையுதிர் காலத்தில் போட்டை மேலே எடுத்தபின் பிளாக்கிலும் எக்ஸோஸ்ற் மேனிஃபோல்டிலும் தங்கின தண்ணீரை வடிக்காமல் விட்டால், அது உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். வார்ப்பிரும்பு அதைத் தாங்காது. ஒன்ராறியோவில் ஒரே ஒரு இரவு போதும்.

"நானே வடிப்பேன்" என்று அவர் சொன்னாரல்லவா, அங்கேதான் பிடி. எந்தெந்த ஆணியைக் கழற்றி வடிப்பீர்கள் என்று கேள், அவர் தன் கையால் தொட்டுக் காட்டட்டும். ஆணியைக் கழற்றினால் மட்டும் போதாது, துருவும் மணலும் ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும், கம்பியால் குத்தினால்தான் மிச்சத் தண்ணீர் கொட்டும். செய்கிற ஆள் இதைத் தானாகவே சொல்வார். சொல்லாமல் தடுமாறினால் டோர்ச் அடித்து பிளாக்கின் இரண்டு பக்கத்தையும் நீளத்துக்குப் பார், மெல்லிய கோடு, கோட்டோரம் துரு வழிந்த தடம், ஒட்டுப்பசை பூசின மேடு ஏதும் தெரிகிறதா என்று. புதுக் கறுப்புப் பெயின்ற் என்கிறாய். காரணமில்லாமலும் அடித்திருக்கலாம், ஆனால் நான் பெயின்ற் அடித்த பிளாக்கைக் கண்டால் இரண்டு மடங்கு நேரம் பார்ப்பேன். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார், ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வா.

இன்றைக்கே விற்பவருக்குப் போன் எடுத்து, நான் வரும்வரை எஞ்சினை ஸ்ரார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லி வை. போனவுடன் எஞ்சின் மேலே கையை வை. சூடாக இருந்தால் ஏன் என்று கேள். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதைத்தான் நீ பார்க்க வேண்டும்.

அடுத்தது பின்னால் தொங்குகிற, புரொப்பெல்லர் பூட்டின அவுட்டிரைவ். அதன் கீழ் ஆணியைச் சற்று இளக்கி ஒரு வெள்ளைக் காகிதக் கோப்பையில் நாலு சொட்டு கியர் ஒயில் பிடி. தண்ணீர் முதலில் வந்தாலோ வெண்மையாக வந்தாலோ சீல் போய்விட்டது. அவுட்டிரைவும் போட்டும் சேருகிற இடத்தில் மடிப்பு மடிப்பாகக் கறுப்பு ரப்பர் குழல் இருக்கும், பெல்லோஸ் என்பார்கள். அவுட்டிரைவை முழுதாக உயர்த்தி, ஒரு பக்கம் திருப்பி, அந்த மடிப்புகளை விரலால் விரித்துப் பார். வெடிப்பு இருந்தால் தண்ணீர் உள்ளே போய், அவுட்டிரைவுக்குப் போகிற தண்டைத் தாங்குகிற ஜிம்பல் பெயரிங்கைத் துருப்பிடிக்கச் செய்யும், இன்னும் விட்டால் போட்டுக்குள்ளேயே தண்ணீர் ஏறும்.

பலகை விஷயம்தான் எனக்குக் கையைச் சுட்ட விஷயம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஃபைபர் போட் என்று பெயரே தவிர, பல பழைய போட்டுகளில் பின்சுவர், அடியில் ஓடுகிற நீளச் சட்டங்கள், தரை எல்லாமே ஃபைபரால் மூடின பிளைவுட். ஆரோ ஒருவர் ஓட்டை போட்டு ஏதோ பூட்டியிருப்பார், ஓட்டைக்குச் சிலிக்கன் வைத்திருக்க மாட்டார், அதற்குள்ளால் தண்ணீர் போய்ப் பத்து வருடம் ஊறும், மேலே ஃபைபர் பளபளவென்று இருக்கும். 2012ல் நான் முதல் போட் வாங்கினபோது எஞ்சினை மட்டும் மூன்று மணித்தியாலம் பார்த்தேன். அடுத்த வசந்தத்தில் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே தரை தாழ்ந்தது. கார்ப்பெட்டை உரித்து ஃபைபரை வெட்டினேன். உள்ளே இருந்தது தண்ணீரில் ஊறின பாண் மாதிரி, கையால் அள்ளக்கூடியதாக இருந்தது, மணமும் அப்படியே உக்கின இலை மணம். வாங்கின காசைவிடத் திருத்துகிற காசு கூட என்றதால் அந்தப் போட்டைக் குப்பைக்குத்தான் கொடுத்தேன்.

ஆகவே, ஒரு ரப்பர் பிடி வைத்த சுத்தியலைத் திருப்பிப் பிடித்துப் பின்சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டு போ. நல்ல பலகை "டக் டக்" என்று இறுக்கமாகக் கேட்கும், உக்கினது "தொப்" என்று மந்தமாகக் கேட்கும், தண்ணீர் வெளியேறுகிற ஓட்டையைச் சுற்றியும் அவுட்டிரைவைச் சுற்றியும் மெதுவாகத் தட்டு. அப்புறம் அவுட்டிரைவைக் கீழேயிருந்து இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் அழுத்து, பின்சுவர் சேர்ந்து அசையக் கூடாது. தரையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நட, குதிக்கால் எல்லா இடமும் தெரிந்துகொள்ளும்.

தண்ணீரில் ஓடிப் பார்க்காமல் காசு கொடுக்காதே. வீட்டு முற்றத்தில் ஹோஸ் பைப்பைப் பூட்டி ஓட்டிக் காட்டினால் எஞ்சின் பிடிக்கிறது என்பது மட்டும்தான் தெரியும், பாரம் இழுக்குமா, சூடேறுமா, கியர் விழுமா ஒன்றும் தெரியாது.

கவர்த்தா அக்கா:

ஸ்பானர் அண்ணா சொன்னதற்கு மேல் எஞ்சினில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நான் ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன் தம்பி, ஏனென்றால் நாங்களும் நாலு பேரும் மாமியுமாக ஒன்பது வருடமாக 18 அடிப் பௌரைடரில்தான் போய்வருகிறோம்.

சிம்கோ சின்ன ஏரி இல்லை, 722 சதுர கிலோமீட்டர். காலையில் கண்ணாடி மாதிரிக் கிடக்கும், பத்தரை பதினொரு மணிக்கு வடமேற்குக் காற்று எழும்பினால் கிட்டக் கிட்ட, குத்தென்று நிற்கிற அலை வரும். பௌரைடரில் முன்பக்கம் திறந்து கிடக்கிறது, அங்கே இரண்டு பேர் இருந்தால் மூக்குத் தாழும், தாழ்ந்த மூக்கோடு அலைக்குள் போனால் தண்ணீர் நேரே மடியில் வந்து விழும். காற்றுக் கிளம்பினால் முன்னுக்கு இருப்பவர்கள் பின்னுக்கு வர வேண்டும், இதை வீட்டில் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தை மூடுகிற துணி மூடி இந்தப் போட்டோடு வருகிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் தனியாகத் தைப்பிக்க நல்ல காசு. 17 அரை அடி போதும், ஆனால் அந்த நாளைப் பார்த்து. காற்று எச்சரிக்கை இருந்தால் நாங்கள் ட்ரெயிலரைக் கொழுவுவதே இல்லை.

போட்டுக்குள் ஓட்டுநருக்குக் கிட்ட ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும், எத்தனை பேர், மொத்தம் எத்தனை கிலோ என்று. ஆட்கணக்கை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், ஐஸ் பெட்டி, நங்கூரம், சாப்பாட்டுச் சட்டி எல்லாம் அந்தக் கிலோவுக்குள்தான் வரும்.

அம்மாவுக்காக இரண்டு விஷயம் பாருங்கள். பின்னால் ஏறுகிற ஏணி. எத்தனை படி தண்ணீருக்குள் இறங்குகிறது? இரண்டு படி ஏணி முழங்கால் வலிக்கிறவர்களுக்கு உதவாது, மூன்று நாலு படி வேண்டும். அடுத்தது லைஃப் ஜாக்கெட். ஆளுக்கொன்று, அவரவர் அளவில், சட்டமும் அதுதான். மாமிக்கு நான் கடையில் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன், முதலில் கொம்யூனிற்றி சென்டர் நீச்சல் குளத்தில் அதைப் போட்டுக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் மிதந்து பார்க்க வைத்தேன். தன்னை அது தூக்கிப் பிடிக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு, போட்டில் ஒரு நாளும் கழற்றச் சொல்லிக் கேட்டதில்லை. சின்னவருக்கு நிறையைப் பார்த்து, தூக்குப்பட்டி உள்ளதாக வாங்குங்கள், போன வருட ஜாக்கெட் இந்த வருடம் சேராது.

ஸ்கூகொக் ஆழமே இல்லாத ஏரி, சராசரி ஒன்றரை மீட்டர்கூட வராது. ஓகஸ்ற் மாதம் பாசி நிறைந்து கிடக்கும், எஞ்சின் தண்ணீர் உறிஞ்சுகிற வாயில் பாசி அடைத்தால் சூடு ஏறும், சூட்டு முள்ளைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். அங்கிருந்து ஸ்கூகொக் ஆற்று வழியாக லின்ட்சே லொக்கை (தண்ணீரை ஏற்றி இறக்கிப் போட்டைக் கடத்துகிற கதவடைப்பு) கடந்து ஸ்டேர்ஜன் ஏரிக்குப் போகலாம், பொப்கேஜன், ஃபெனலன் ஃபோல்ஸ் என்ற ஊர்கள் இரண்டும் அந்த ஏரிக்கரையில்தான். பிள்ளைகளுக்கு லொக்குக்குள் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்ப்பது ட்யூபில் இழுபடுவதைவிடப் பெரிய சந்தோஷம், என் மகள் இன்றைக்கும் கயிறு பிடிக்கிற வேலையை ஒருவருக்கும் கொடுக்க மாட்டாள்.

இன்னுமொன்று, எஞ்சின் ஓடுகிறபோது பிள்ளைகளைப் பின் மேடையில் இருக்க விடாதீர்கள். புகை அங்கேதான் தேங்கும், அதில் இருக்கிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை. ஸ்ரார்ட் பண்ணுவதற்கு முன், எஞ்சின் அறைக் காற்றை வெளியே தள்ளுகிற புளோவரை நாலு நிமிடம் ஓடவிடுங்கள், பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், அடியில்தான் கிடக்கும். குடி பற்றியும் சொல்லிவிடுகிறேன், இப்படித் திறந்த போட்டில் பியர் உடைப்பதே ஒன்ராறியோவில் குற்றம், குடித்துவிட்டு ஓட்டினால் கார் லைசென்ஸும் போகும். விருந்தாளிகளை ஏற்றும்போது முதலே சொல்லிவிடுவது நல்லது.

கிச்சனர்காரன்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்றேன் சார், தப்பா எடுத்துக்காதீங்க. இவ்வளவு பயமும் எதனால? எஞ்சின் உள்ளே இருக்கறதால. வெளியே தொங்குற அவுட்போர்டு வாங்கினா செங்குத்தா நிறுத்தி வச்சாலே தண்ணி தானா வடிஞ்சிடும், பிளாக் வெடிக்கிற கவலை இல்லை. பெல்லோஸ் கிடையாது, நடுவுல பெரிய எஞ்சின் பெட்டி கிடையாது, குழந்தைங்க உட்கார இடம் கிடைக்கும். நான் 2018ல 16 அடி அலுமினிய பௌரைடர், 90 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக்கோட வாங்கினேன். க்யூபெக்ல செய்யற பிரின்ஸ்க்ராஃப்ட் மாதிரி அலுமினிய போட்டுங்க இங்க நிறைய விற்பனைக்கு வருது. எடை குறைவு, உங்க சியென்னா சிரமமில்லாம இழுக்கும்.

குறையும் சொல்லிடறேன். அதே விலைக்கு அதே வயசுல நல்ல நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு கிடைக்கறது கஷ்டம், அவசரப்பட முடியாது. அலுமினியமா இருந்தாலும் தரை பல போட்டுல பிளைவுட்தான், அதையும் மிதிச்சுப் பார்க்கணும். அலையில ஃபைபர் போட்டு மாதிரி மெத்துன்னு போகாது, தடதடன்னு அடிக்கும். பாட்டி கூட வர்றாங்கன்னா அதை யோசிங்க.

பழைய ஸ்பானர்:

கிச்சனர் தம்பி சொல்வது சரி, குளிர் விஷயத்தில் அவுட்போர்டுக்குத்தான் என் வாக்கும். 10,000க்குள் நல்லது மாட்டினால் விடாதே. மாட்டாவிட்டால் ஒழுங்காகப் பராமரித்த 3.0 ஒன்றும் குறைந்ததில்லை.

சியென்னா பற்றி ஒரு கணக்கு. அதன் இழுவை எல்லை 3,500 இறாத்தல். இந்த அளவு போட் எஞ்சினோடு 2,000க்கு மேலே, ட்ரெயிலர் 600, 700, தாங்கி நிறையப் பெற்றோல், சாமான் எல்லாம் சேர்ந்தால் 3,000ஐத் தொடும். இங்கே 1,360 கிலோவுக்கு மேல், அதாவது 3,000 இறாத்தலுக்கு மேல் போனால் ட்ரெயிலருக்கு பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். எனவே பிரேக் உள்ள ட்ரெயிலராகப் பார். முன்சில்லால் இழுக்கிற வண்டி வேறு, பாசி பிடித்த சரிவில் சில்லுச் சுழலும், போட் இறக்குகிற ரம்ப் சரிவு குறைந்ததாகத் தேர்ந்தெடுத்துக்கொள்.

மார்க்கம் தம்பி:

கெஸ்விக்குக்குப் போய்வந்தேன். எல்லோருக்கும் மிச்சம் நன்றி, நீங்கள் எழுதியிராவிட்டால் வாங்கியிருப்பேன்.

போனவுடன் எஞ்சின் மேலே கை வைத்தேன், சூடு. காலையில் சும்மா ஒருக்கால் ஓட்டிப் பார்த்ததாகச் சொன்னார். சரி என்று விட்டுவிட்டுப் பின்சுவரைத் தட்டினேன். வலது பக்கமெல்லாம் டக் டக். அவுட்டிரைவுக்குக் கீழே வர வரச் சத்தம் மாறியது, ஸ்பானர் அண்ணா, நீங்கள் எழுதின அதே "தொப்". மறுபடியும் மேலே போய்த் தட்டி, கீழே வந்து தட்டினேன், சந்தேகமே இல்லை. தண்ணீர் வெளியேறுகிற மூடியைக் கழற்றச் சொன்னேன். மூன்று வாரமாக மழையில்லை, போட் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறது, ஆனால் மூடி ஓட்டையின் ஓரத்திலிருந்து தேயிலைச் சாயம் மாதிரித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருந்தது. பலகையிலிருந்துதான் வருகிறது. அவுட்டிரைவை அழுத்தினபோது மூலையில் ஃபைபர் மேல்பூச்சு மயிரிழை அளவு திறந்து மூடியதை மனைவிதான் முதலில் கண்டார்.

விற்பவர் கெட்டவர் மாதிரித் தெரியவில்லை, அவருக்கே இது தெரியாது என்று நினைக்கிறேன், முகம் வாடிப்போனார். 7,000க்குத் தருவதாகச் சொன்னார். மனம் கொஞ்சம் ஆடியது, புது இருக்கையில் பிள்ளைகள் ஏறி இருந்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

நேற்று இன்னொன்று பார்த்தோம், ஓரில்லியாவில். 2008, 18 அடி, அதே 3.0 எஞ்சின், ட்ரெயிலருக்கு பிரேக் உண்டு. இருக்கை இரண்டு இடத்தில் கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறது, கார்ப்பெட் வெயிலில் வெளிறிவிட்டது, படத்தில் பார்த்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் விற்கிற பெரியவர் ஒரு கொப்பி வைத்திருக்கிறார், 2009இலிருந்து ஒவ்வொரு ஒக்டோபரும் தண்ணீர் வடித்து அன்ரிஃப்ரீஸ் விட்ட ரசீது, ஒயில் மாற்றின நாள், எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று பென்சிலால் எழுதி. எஞ்சின் சில்லென்று இருந்தது, இரண்டாவது சுற்றில் பிடித்தது. குச்சிச்சிங் ஏரியில் இறக்கி ஒரு மணித்தியாலம் ஓடினோம், சூட்டு முள் அசையவில்லை, கியர் பிசகாமல் விழுந்தது. பின்சுவர் முழுக்க ஒரே சத்தம். அங்கேயுள்ள ஒரு மெக்கானிக்கைக் காசு கொடுத்து, நாலு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் (உள்ளே ஏறுகிற அமுக்கம்) பார்க்கச் சொன்னேன்: 150, 155, 150, 145. கியர் ஒயில் சுத்தம்.

குறை என்றால், பெல்லோஸ் எப்போது மாற்றினது என்று கொப்பியில் ஆறு வருடத்துக்கு முந்தின திகதி இருக்கிறது, எஞ்சினுக்குத் தண்ணீர் உறிஞ்சுகிற இம்பெல்லர் மூன்று வருடம். ட்ரெயிலர் ரயரில் 2211 என்று போட்டிருக்கிறது. 8,900 கேட்கிறார். என்ன விலை சொல்லலாம்?

பழைய ஸ்பானர்:

அந்தக் கொப்பிக்கே நான் 500 டொலர் கூடக் கொடுப்பேன். எடு தம்பி.

கம்ப்ரெஷன் நாலும் கிட்டக்கிட்ட நிற்கிறது, எண் எவ்வளவு என்பதைவிட ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேலே விலகாமல் இருப்பதுதான் முக்கியம். 2211 என்றால் 2011ஆம் ஆண்டு 22ஆவது வாரம் செய்த ரயர், பூ இருந்தாலும் ரப்பர் செத்துவிட்டது, 400 ஆம் நெடுஞ்சாலையில் அதை நம்பி வராதே, அங்கேயே மாற்றிக்கொண்டு வா. பெல்லோஸ், ஜிம்பல் பெயரிங், இம்பெல்லர் மூன்றையும் ஒரே நாளில் செய்விக்க வேண்டும், ஏனென்றால் அவுட்டிரைவைக் கழற்றுகிற கூலிதான் பெரிது. இந்த வேலைகளைக் காரணம் காட்டி 8,000 சொல். செப்டெம்பரில் விற்கிறவருக்கு முன்னால் போட்டை நிறுத்தி வைக்கிற குளிர்கால வாடகை நிற்கிறது, 8,300க்குள் இறங்கி வருவார்.

கொடுக்கிறதுக்கு முன் பின்சுவரின் வலது பக்க மேல் மூலையில் பொறித்த 12 எழுத்து இலக்கத்தைப் படம் எடுத்து, பத்திரத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார். கடைசி இரண்டும் மொடல் வருடம், 08 என்று முடிய வேண்டும். கடன் பாக்கி இருக்கிறதா என்றும் மாகாணத்தில் தேடிப் பார்க்கலாம், சில டொலர்தான். விற்ற கடிதத்தில் போட், எஞ்சின், ட்ரெயிலர் மூன்றின் இலக்கமும் எழுதிக் கையெழுத்து வாங்கு. போட் லைசென்ஸ் இலக்கத்தை உன் பெயருக்கு மாற்றுவதும் ட்ரெயிலர் உரிமையை மாற்றுவதும் இரண்டு வேறு வேலை.

இந்த வருடம் ஒக்டோபரில் தண்ணீர் வடிக்கிறபோது என்னைக் கூப்பிடு, செய்து காட்டுகிறேன். ஒருமுறை கண்ணால் பார்த்தால் போதும்.

கவர்த்தா அக்கா:

நல்லதைத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள் தம்பி. கிழிந்த இருக்கையைக் குளிர்காலத்தில் ஆறுதலாகத் தைக்கலாம்.

ஒன்று சொல்ல மறந்தேன். 2022 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் போட்டை வீதியில் இழுக்கும்போது தண்ணீர் வெளியேறுகிற அடி மூடியைக் கழற்றியே வைத்திருக்க வேண்டும், பாசியும் வரிச் சிப்பியும் ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகாமல் இருப்பதற்காக. அதனால் ஒவ்வொரு முறையும் ரம்ப்பில் இறக்குவதற்கு முன் திரும்பப் போட வேண்டும். நாங்கள் அந்த மூடியைப் போட் சாவியோடு சேர்த்து வளையத்தில் கொழுவி வைத்திருக்கிறோம், மூடி கண்ணில் படாமல் சாவியை எடுக்கவே முடியாத மாதிரி. முதல் நாளைக்கு சிம்கோ கரையிலுள்ள சிபல்ட் பொயின்ற் பூங்காவுக்குப் போங்கள், கிழமை நாளில் காலை எட்டு மணிக்கு. பின்னால் ஒருவரும் வரிசையில் நிற்காதபோது ட்ரெயிலரைப் பின்னெடுத்துப் பழகலாம். மற்ற ரம்ப்புகளில் வெளியூர் ஆட்களுக்குக் கட்டணம் வேறு, சில இடத்தில் அனுமதியே இல்லை, போக முன் நகரசபைப் பக்கத்தில் பாருங்கள்.

மார்க்கம் தம்பி:

8,200க்கு முடிந்தது. ரயர் இரண்டும் ஓரில்லியாவிலேயே மாற்றினோம். பெரியவர் சாவியோடு கொப்பியையும் தந்தார், அடுத்த வெறும் பக்கத்தில் என் பெயரையும் திகதியையும் அவரே பென்சிலால் எழுதிவிட்டார்.

அம்மாவுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்கிக் குளத்தில் போட்டுப் பார்த்தாயிற்று. புதன்கிழமை லீவு எடுத்திருக்கிறேன், காற்று மணிக்கு 8 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது, சிபல்ட் பொயின்ற்றுக்குத்தான் போகிறோம். அம்மா போட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தனக்கு அணியத்தில்தான் இடம் வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார். முன்பக்கத்தை அணியம் என்று அவர் சொல்லித்தான் பிள்ளைகள் முதன்முதலாகக் கேட்கிறார்கள். அலை எழும்பினால் பின்னுக்கு வர வேண்டும் என்ற சட்டத்தை எடுத்துச் சொன்னேன், பதினொரு மணிவரை தானே, போதும் என்றார்.